தொடாத ருசித்தட்டு

சமையலறையிலிருந்து டக் டக்கென்று கத்திச் சத்தம் கேட்டது. நடைப்பயிற்சிக்குக் கிளம்பக் காலணி மாட்டிக்கொண்டிருந்த எத்தெல்கா திடுக்கிட்டாள். பக்கத்து வீட்டு ரொசாலியாதான் பின்வாசல் வழியாக வந்து, தான் கொண்டுவந்த பன்றித் தொத்திறைச்சியை, அதாவது சாசேஜை, நறுக்கிக்கொண்டிருந்தாள். திஸா ஆற்றங்கரையின் அந்த ஹங்கேரிய ஊரில், ஒரு வீட்டில் பன்றி வெட்டினால் அடுத்த வீட்டுக்கு ருசித்தட்டு வந்தாக வேண்டும். கொண்டுவந்தவள் முன்னாலேயே ஒரு வாயாவது சாப்பிட்டாக வேண்டும்.

போன வருடம் எத்தெல்காவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவை முடிந்ததும் டாக்டர், "தொத்திறைச்சிய விட்டுடுங்க. காய், பயறு சாப்பிடுங்க, தினமும் நடங்க. திரும்ப வராம இருக்க உதவும்" என்றார். நோய் வந்த இடத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, ஊருக்கெல்லாம் பித்தப்பைக் கல் என்று சொல்லிவைத்திருந்தாள்.

"கல்லைத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்னடி பத்தியம்? முட்டைக்கோஸா தின்னு ஆடு மாதிரி ஆயிட்ட! வாயைத் தொற."

ரொசாலியாவின் முள்கரண்டி உதட்டருகே வந்தது. எத்தெல்கா உடைந்து அழுதாள்.

"கல்லு இல்ல ரொசி. குடல்ல புத்துநோய். வெளிக்குப் போறப்போ ரத்தமா போச்சு. சொல்லக் கூசிச்சு."

ரொசாலியாவின் முகம் வெளுத்தது.

"எனக்கும் போகுதுடி. போன கோடையிலேருந்து. மூலம்னு நெனச்சு யார்கிட்டயும் சொல்லல. நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, நானும் அன்னிக்கே காட்டியிருப்பேனே!"

எத்தெல்காவால் தலைநிமிர முடியவில்லை. "நாளைக்கு என் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

ரொசாலியா சரியென்று தலையசைத்தாள். யாரும் தொடாத ருசித்தட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். கதவு சாத்திக்கொண்டது.