முன்பக்கம் நெவில், பின்பக்கம் ராய்

இங்கிலாந்தில் பர்ன்லி என்ற ஊரின் மேட்டுத் தெருக்களில் ராய் ஹோல்டனை அறியாத ஜன்னல் கிடையாது. மனிதர்களுக்கு அவனைப் பிடிக்குமா என்றால் அது வேறு கதை. வாலிப வயதில் ஏணியேறி ஜன்னல் துடைத்தவன், ஊரில் எல்லோரும் கம்புக்கு மாறியபோது தானும் மாறினான். இந்தக் கம்பு வேலையில் ஏறி இறங்கும் பாடு இல்லை. உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் வடிகட்டிய தண்ணீர் வேனிலிருந்து கம்பு வழியே ஏறி, நுனியில் இருக்கும் பிரஷில் கொட்டும். தேய்த்து, அலசி, அப்படியே காயவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். தண்ணீரில் ஒன்றுமில்லையென்றால் காய்ந்த கண்ணாடியிலும் ஒன்றும் இருக்காது. ராய்க்கு இதுதான் வேதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், தினமும் காலையில் தண்ணீரைச் சோதிக்கும் அந்தச் சின்ன மீட்டருக்கு மட்டும் தலை குனிவான். அது பூஜ்யம் காட்டினால்தான் வேன் கிளம்பும்.

கூட்டாளி நெவில் பிக்கப். ஏணிக் காலத்திலிருந்தே ஒன்றாக இருப்பவர்கள். வீட்டின் முன்பக்கம் நெவிலுக்கு, பின்பக்கம் ராய்க்கு. முன்பக்கம் என்றால் வாசலில் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும், நாயைத் தடவிக்கொடுக்க வேண்டும், மூட்டுவலிக் கதை கேட்க வேண்டும். நெவிலுக்கு அதெல்லாம் அல்வா மாதிரி. ராய்க்கோ குப்பைத்தொட்டிகளோடு பின்சந்தில் நிற்பதே சொர்க்கம். வேனிலிருந்த தொட்டிக்கும் நடுவில் தடுப்பு. ஆளுக்கு ஒரு பாதி, ஆளுக்கு ஒரு பம்பு. இருவருக்கும் நடுவே எப்போதும் ஒரு வீடு நின்றது. அவன் வேலை செய்வதை இவனோ, இவன் வேலை செய்வதை அவனோ பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். யாருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

ராயின் மனைவி அவனை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிறு மதியச் சாப்பாடு நெவில் வீட்டில்தான். நெவிலின் மனைவி ஐலீன் மாட்டிறைச்சி வறுத்து, கிரேவியை ஊற்றி மூன்று தட்டு வைப்பாள். வாரத்தில் ராய் வாய்விட்டுச் சிரிக்கும் நேரம் அது ஒன்றுதான். உலகத்தில் அவனுக்கென்று இருந்ததும் அந்த மேசை ஒன்றுதான்.

ஒரு வசந்தத்தில் புகார் வர ஆரம்பித்தது. முதலில் மிசஸ் ஹார்கிரீவ்ஸ். பின்சந்துக்கே தேடி வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா ராய், என் வீட்டு முன் ஜன்னல வந்து பாரு. வெள்ளை வெள்ளையா புள்ளி. துடைச்சு விட்டீங்களா, இல்ல துப்பிட்டுப் போனீங்களா?"

போய்ப் பார்த்தான். மாடிக் கண்ணாடியில் பால் தெளித்ததுபோலப் புள்ளிகளும் வழிந்த கோடுகளும். அடுத்த வாரம் இன்னும் இரண்டு வீடுகளில் இதே கதை. எல்லாம் முன்பக்கம்தான். பின்பக்கத்துக் கண்ணாடிகள் பளிச்சென்றிருந்தன. ராய்க்குச் சுருக்கென்றது. வேனில் நெவில் உட்காரும் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். ஒரு பாட்டில் வந்தது. தண்ணீரில் கலப்பதற்கென்றே விற்கிற, கண்ணாடி துடைக்கும் சோப்புத் திரவம். முக்கால்வாசி காலி.

நெவில் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்தபோது ராய் நடுத்தெருவிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"என்னடா இது?"

"பாட்டில்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான்டா தெரியுது. தொட்டியில ஊத்துறியா?"

"கொஞ்சூண்டு ராய். பிரஷ் வெண்ணெய் மாதிரி வழுக்குது. தண்ணி முத்து முத்தா ஓடாம கண்ணாடி பூரா பரவுது. நீயும் ஒரு தடவ போட்டுப் பாரேன்."

"கொஞ்சூண்டா? குளிக்கிறியாடா இதுல? பால்ல தண்ணி கலக்குறவனக் கேள்விப்பட்டிருக்கேன். தண்ணியிலயே கலப்படம் பண்றவன இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

எதிர் வாசலில் யாரோ சிரித்தார்கள். நெவிலும் சிரித்தான். ராய் அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லாமல் போயிருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

"அதையும் போட்டுட்டு ஒழுங்கா அலசவாவது செஞ்சியா? மேல அலசுறதுக்குள்ள கம்ப எறக்கிடுற. சோம்பேறி! இத்தன வருஷமா நான் பின்னால நாயா உழைக்கிறேன், நீ முன்னால டீ குடிச்சிட்டு ஊரை ஏமாத்துற. இனிமே என் வேன்ல நீ ஏறாத."

நெவிலின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். சிரித்தவர்கள் இன்னும் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"தெருவப் பாதியாப் பிரிச்சிக்கலாம்" என்றான் ராய், கொஞ்சம் இறங்கி.

"வேணாம். எல்லாத்தையும் நீயே வெச்சுக்கோ" என்றான் நெவில்.

வலது கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி நடந்தான். பங்கு வேண்டாம் என்கிறானே, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அதுதான் என்று ராய் நினைத்துக்கொண்டான்.

அந்த ஞாயிறு சட்டை மாற்றி, தலை வாரி, வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். ஐலீன் கூப்பிடுவாள் என்று பார்த்தான். கூப்பிடவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று ரொட்டியும் சீஸும் தின்றான். அடுத்த ஞாயிறும் அப்படியே. வீம்புக்கு மட்டும் பசிக்கவே பசிக்காது போலிருக்கிறது.

அதோடு நின்றானா? நெவில் எங்கே என்று கேட்ட வீட்டிலெல்லாம், "சோப்பு விக்கப் போயிட்டான்" என்றான். கிளப்பில் பீர் குடிக்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சோப்பு நெவில் என்று பெயரே வைத்துவிட்டார்கள். பர்ன்லி மாதிரி ஊரில் ஒரு கேலி வீடு வீடாகப் போய்ச் சேர எத்தனை நேரமாகும்? நெவில் கிளப்புக்கு வருவதை நிறுத்தினான். ராய் அதையும் தன் கட்சிக்குச் சாட்சியாகவே எடுத்துக்கொண்டான்.

இரண்டு வருஷம் போயிற்று. மார்க்கெட்டில் மீன்கடைப் பக்கம் ஐலீன் எதிரே வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். ராய்க்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாதபோது பேசுவதையே பேசினான்.

"எப்படி இருக்கான் சோப்புக்காரன்?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"கை போச்சு ராய். ரெண்டு கையும். இப்போ காலும் நாக்கும் போயிட்டிருக்கு. தசையெல்லாம் கரையிற வியாதியாம். மருந்து கிடையாதாம்."

"எப்போலேர்ந்து?"

"உங்கூட இருந்தப்பவேதான். வலது கையில ஆரம்பிச்சுது. கம்பத் தூக்கிப் பிடிச்சு அலச முடியல அவருக்கு. அந்தத் திரவத்தப் போட்டா பிரஷ் லேசா ஓடும்னு வாங்கினாரு. கை வலு குறையக் குறைய அத ஏத்திக்கிட்டே போனாரு. அப்பவும் போதல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, ஐலீன்?"

"நானும் அதத்தான் சொன்னேன். அவங்கிட்டச் சொன்னா முன்னாலயும் அவனே செய்வான், பின்னாலயும் அவனே செய்வான், வர்றதுல பாதிய என் கையில திணிப்பான், அந்தப் பிச்சை எனக்கு வேணாம்னாரு. கோடைக்காலம் வரைக்கும் தாக்குப் பிடிச்சிட்டு, போதும்டான்னு கௌரவமா வெலகிக்கிறேன்னாரு." பையை எடுத்துக்கொண்டாள். "நீதான் அதுவரைக்கும் விடலையே."

தண்ணீரைப் பற்றி ராய் சொன்னது அத்தனையும் சரி. அளவுக்கு மிஞ்சி ஊற்றி அலசாமல் விட்டால் புள்ளி விழத்தான் செய்யும். ஆனால் புள்ளி எப்படி விழுந்தது என்று கேட்டவன், இத்தனை வருஷம் ஒழுங்காக அலசியவன் இப்போது ஏன் அலசவில்லை என்று கேட்கவில்லை. அன்று மீன்கடையில் நின்று வாய்விட்டு அழுதான். ஐம்பத்தெட்டு வயது மனிதன் அழுவதைப் பார்க்க மாட்டாமல் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனான். நெவில் சக்கர நாற்காலியில், தோளில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தான். முகம் மட்டும் பழைய முகம்.

"நான் பெரிய பாவிடா நெவில். மன்னிச்சிடுடா" என்றான் ராய், வாசலிலேயே.

"விடு." நெவிலுக்குப் பேச்சு குழறியது. "கறை... என்னாலதான். நீ சொன்னது சரி."

"சரியாவது மண்ணாவது!"

"மன்னிச்சாச்சு. உக்காரு."

ஐலீன் தட்டுகளை வைத்தாள். கிரேவியில் ஊறிய இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் நெவிலுக்கென்று மசித்துக் கொண்டுவந்தாள். ராய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "குடு, நான் ஊட்டுறேன்" என்று ஸ்பூனை வாங்கினான். ஊதி ஆறவைத்து நீட்டினான்.

நெவில் வாயைத் திறக்கவில்லை.

"சூடா இருக்காடா?"

நெவில் அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். கோபம் ஒன்றுமில்லை அந்த முகத்தில். உதடுகள் மட்டும் இறுகியிருந்தன. ராய் கொஞ்ச நேரம் ஸ்பூனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். துளியொன்று துண்டில் சிந்தியது. ஐலீன் வந்து ஸ்பூனை வாங்கி நீட்டினாள். நெவில் வாயைத் திறந்தான்.

குளிர்காலம் வந்து நெவிலைக் கொண்டுபோகும் வரை ராய் ஒரு ஞாயிறு தவறாமல் போனான். ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பார்த்தான். ஒரு தடவைகூட அவன் கையால் நெவில் ஒரு வாய் சாப்பிடவில்லை.