மச்சானுக்கு வைத்த நண்டுக்கறி

போன விடுமுறைக்குக் கொழும்பு போயிருந்தபோது, காலிமுகக் கடற்கரைப் பக்கத்து ஹோட்டலில் மேசையில் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் இருக்க, மீனைக் கையால் பிட்டுத் தின்றேன்.

கொழும்பில் கிளாக்கராக இருக்கிற என் மனைவியின் அண்ணன், நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி, "கையை எடுங்க மச்சான்! கரண்டியும் முள்ளும் எதுக்கு வெச்சிரிக்கு?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இன்று அவர் கோட்டும் தொப்பியுமாக எங்கள் மட்டக்களப்பில் ரயிலால் இறங்கினார். விடுமுறையாம்.

கல்லடிக் கடலில் குளித்துவிட்டு அகோரப் பசியோடு வந்தவருக்கு, முருங்கையிலை போட்ட வாவி நண்டுக்கறி வைத்தேன். பக்கத்தில், இதற்கென்றே இரவல் வாங்கிய கரண்டியும் முள்ளும்.

நண்டை ஓட்டோடு கடித்து உறிஞ்சினால்தான் உண்டு. அவர் முள்ளால் குத்தினார். நண்டு பீங்கான் தட்டில் சுற்றிச் சுற்றி ஓடியது. சோறு ஆறியது.

கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "மச்சான், கை கழுவத் தண்ணி இரிக்கா?"

"எதுக்கு மச்சான்? அதுதான் கரண்டியும் முள்ளும் வெச்சிரிக்கே!" என்றேன், அடுத்த வீட்டு வளவுக்கும் கேட்கிற மாதிரி.

மனைவி இன்றைக்கும் சிரித்தாள். அண்ணனைப் பார்த்து.

இன்னும் நாலு நாள் நிற்பாராம். வாவிப் பக்கம் போகிறவர்கள் சொல்லுங்கள்: நாளைக்கும் நண்டு கிடைக்குமா?