ஜீரோ அக்கா வாங்கிய கார்

ஜீரோ அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவள் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்கில் எல்லாருக்கும் இது தெரியும். அக்கா சத்தம் போட்டால் கவலையில்லை. முணுமுணுக்க ஆரம்பித்தால்தான் ஆளுக்கொரு பக்கமாக நழுவுவார்கள்.

பெட்ரோல் போடுகிறவளாகத்தான் அங்கே சேர்ந்தாள். "ஜீரோ பாத்துக்குங்க" என்று வண்டிக்காரரை மீட்டர் பக்கம் திரும்ப வைக்காமல் ஒரு சொட்டு போடமாட்டாள். திரும்பச் சோம்பல்படுகிறவர்களையும் விடமாட்டாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பிறகு ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள், குழாயைத் தொட வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் பெட்ரோல் வாசனை அவளை விட்டுப் போகவில்லை. தலைமுடி, துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் அதுதான். வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். கழுவிவிட்டு விரல்களை முகர்ந்து பார்ப்பாள். முகம் சுளிக்கும்.

அவள் கணவர் அடுத்த தெருவில் ஒரு சின்னக் கூடத்தில் பல்செட் செய்கிறவர். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செதுக்கி, அடுத்தவர் வாய்க்குப் பல் வரிசை கட்டுவார். உட்கார்ந்து உட்கார்ந்தே முட்டி போய்விட்டது. ஸ்கூட்டரின் பின்சீட்டில் காலை மடக்கி உட்கார முடியவில்லை. மகளோ மலைமேல் ஓர் ஊரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பினால் அவர் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். அதனால் ஒரு கார் வாங்குவது என்று முடிவு செய்தார்கள்.

இரண்டு சின்னக் கார்களில் வந்து நின்றது பேச்சு. ஒன்று முழுக்க கரண்டில் ஓடுவது. இன்னொன்று மைல்டு ஹைப்ரிட். பெட்ரோல் வண்டிதான், கூடவே ஒரு சின்ன பேட்டரி.

ஷோரூமில் விற்பனைக்காரர் எல்லாவற்றையும் கணவரிடமே சொன்னார். கதவைத் திறந்து அவரைத்தான் உட்காரச் சொன்னார். கணவருக்கு சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது.

"தம்பி, என்கிட்ட பல்லைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். வண்டி அவங்களுக்கு" என்றார் அவர்.

விற்பனைக்காரர் சுதாரித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். ஹைப்ரிட்டைக் காட்டி, இது பாதி கரண்ட் வண்டி என்றார். ஜீரோ அக்காவின் குரல் இறங்கியது.

"பெட்ரோல் இல்லாம, பேட்டரியில மட்டும் எவ்வளவு தூரம் போகும்?"

"அப்படித் தனியா ஓடாது மேடம். எஞ்சினுக்கு ஒத்தாசை பண்ணும்."

"அப்போ எதைப் பாதின்னு சொன்னீங்க?"

அவர் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். வர நேரமாயிற்று.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். ஹைப்ரிட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அடங்கியது, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் குலுங்காமல் உயிர் பெற்றது. ஆனால் கரண்ட் காரில் ஏறி உட்கார்ந்து ஒரு தெரு சுற்றி வந்தவள், இறங்க மனமில்லாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லை, புகையில்லை. வாழ்நாளில் ஒரு பொருளாவது பெட்ரோல் வாசனை இல்லாமல் தனக்கென்று இருக்கட்டுமே என்று தோன்றியது. வீடு திரும்பும்போது முடிவெடுத்துவிட்டாள்.

வீட்டில்தான் முதல் முட்டுக்கட்டை. அவர்கள் இருந்தது வாடகை வீடு, கீழ்த்தளம். வீட்டுக்காரம்மா மாடியில் இருந்தார். வாசலில் வண்டி நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தவர், சார்ஜ் போட ஒரு பிளக் என்றதும் கதவில் சாய்ந்துகொண்டு தலையை ஆட்டினார். தன் வீட்டு கரண்ட் மீட்டரிலிருந்தே கம்பி இழுத்துக்கொள்வதாகவும், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனையே கூட்டிவருவதாகவும் ஜீரோ அக்கா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"ராத்திரியில வெடிச்சா யாரு பதில் சொல்றது? பிடிக்கலேன்னா வேற வீடு பாத்துக்கம்மா" என்றுவிட்டுக் கதவைச் சாத்தினார் அவர்.

வேலை நேரமெல்லாம் நெருப்புப் பிடிக்கிற சரக்கின் நடுவே நின்று, ஒரு பொறி பறக்காமல் பார்த்துக்கொள்கிறவளிடம் வெடிப்பதைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். ஜீரோ அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படியிறங்கி வந்து, கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி தேய்த்தாள்.

விடுமுறை நாளன்று கடைவளாகத்தில் இருந்த பொது சார்ஜிங் இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டு முனைகள், அதில் ஒன்று பழுது. மற்றதற்குக் காத்திருந்த ஒருவர் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் பாதி வழிக்கு மேல் சார்ஜ் போட இடமே கிடையாது என்று மகளும் போனில் சொன்னாள். ஜீரோ அக்காவின் மனசு ஊசலாட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து விஷயம் முதலாளி காதுக்குப் போனது. கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.

"நீ திங்கிற சோறு பெட்ரோல்ல வருதும்மா. நம்ம சூப்பர்வைசரே கரண்ட் வண்டியில வந்து எறங்கினா வர்றவன் போறவன் சிரிக்கமாட்டானா? பெட்ரோல் வண்டியா எடு. கரண்ட் வண்டியோட இந்த கேட்டுக்குள்ள வராத."

"நான் பாக்குற வேலைக்குத்தான் சம்பளம் தர்றீங்க" என்றாள் அவள், தனக்கே கேட்காத குரலில். முதலாளி அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

அன்று மாலை வெங்காயம் நறுக்கினாள். பொடியாக நறுக்கியதை இன்னும் பொடியாக நறுக்கினாள். நாளைக்கே கரண்ட் வண்டிக்குப் பணம் கட்டப்போகிறேன், கேட்டுக்கு நேர் எதிரே நிறுத்தப்போகிறேன், வேலை போனால் போகட்டும் என்று கத்தி ஓட்டத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவர் முட்டியில் வெந்நீர்த் துணியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோபத்துல வாங்காத" என்றார் கடைசியில். "கோபம் போனதுக்கப்புறமும் கார் வாசல்லதான் நிக்கும்."

அதற்காக அவரிடமும் கோபப்பட்டாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் கோபமே.

மூன்றாம் நாள் உட்கார்ந்து யோசித்தாள். பிளக் இல்லாத வீடு, கூடத்தை விட்டுத் தூரமாக நடக்க முடியாத கணவர், மலைமேல் மகள். எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஹைப்ரிட்தான் வந்தது. அது கூட அவளுக்கு வலிக்கவில்லை. யோசித்து யோசித்து அவள் போய்ச் சேர்ந்த இடத்தில் முதலாளி முன்கூட்டியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. வேறொன்றை வாங்கினால் வீம்பு. இதை வாங்கினால் பணிவு. தன் புத்தியால் வாங்கினாள் என்று யார் நம்புவார்கள்?

இருந்தும் ஹைப்ரிட்டையே வாங்கினாள்.

புது வண்டியோடு வேலைக்கு வந்த காலையில் முதலாளி வெளியே வந்து பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி, "நான் ஒரு வார்த்தை சொன்னேன், கேட்டுக்கிச்சு. சொல்பேச்சு கேக்கிற பொண்ணு" என்றார். முதல் டேங்க் தன் செலவு, நிரப்புங்கள் என்று குழாய்க்காரரிடம் கைகாட்டினார்.

ஜீரோ அக்கா மூடியைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். திரும்ப ஏறி, வண்டியை வெளியே எடுத்து, சாலையின் எதிர்ப்பக்கம் இருந்த போட்டி பங்குக்கு ஓட்டிப் போனாள். இறங்கி நின்று, மீட்டரில் ஜீரோ பார்த்து, டேங்க் நிரம்புகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். இந்தப் பக்கம் வேலை அப்படியே நின்றுபோயிருந்தது. பிறகு திரும்பி வந்து, கேட்டுக்குள் நுழைந்து, வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

முதலாளியின் முகம் செவசெவவென்று இருந்தது. என்ன இது என்றார்.

"வண்டிய நான் யோசிச்சு வாங்கினேன், முதலாளி. நீங்க சொன்னதால வாங்கினேன்னு நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. அது இல்லேன்னு காட்ட எனக்கு வேற வழி தெரியல."

சொல்லிவிட்டு ஷிஃப்ட் மாற்றிக்கொடுக்கப் போய்விட்டாள். அன்று ஷிஃப்ட் கணக்கை மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். பயமா கோபமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வேலை போகவில்லை. அவள் மாதிரி ஷிஃப்ட் பார்க்க அங்கே ஆள் கிடையாது, அது முதலாளிக்கும் தெரியும். கொஞ்ச காலம் கேஷியர் மூலமாகத்தான் பேசினார். பிறகு ஒருநாள், டேங்கர் வருகிற நேரத்தை நேராகவே அவளிடம் கேட்டார். மன்னிப்பு என்று எதுவும் வரவில்லை. அவளும் இறங்கி வரவில்லை. இன்று வரை அவளுக்குப் பெட்ரோல் எதிர்ப்பக்கம்தான்.

மழை ஓய்ந்ததும் மகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். கணவர் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டார். வளைவுகளில் வண்டி திணறாமல் ஏறியது. ஜீரோ அக்கா தன் முணுமுணுப்பை முதலில் முதலாளியில் ஆரம்பித்தாள். அவரை முடித்துவிட்டு வீட்டுக்காரம்மாவுக்கு வந்தாள். அது முடிந்ததும், பாதி கரண்ட் என்று சொன்ன அந்த விற்பனைக்காரர். கணவர் உம் கொட்டிக்கொண்டே வந்தார். நாலைந்து வளைவு தாண்டியதும் அந்த உம் நின்றது. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அவர் தூங்கிவிட்டது தெரிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. குரலை மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள்.