கல்மழைக்குப் பதில் சொன்னவள்
எங்கள் ஆண்டிஸ் மலையூரில் உருளைக்கிழங்குப் பூவின்மேல் ஆலங்கட்டி விழுந்தால், ஞானஸ்நானம் பெறாத சிசுவை எவளோ ரகசியமாகப் புதைத்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்தச் சிசுதான் அழுதுகொண்டே வானத்திலிருந்து கல்லெறிகிறதாம்.

பசிலியா, மலைச்சரிவில் கம்பளிக்காக வளர்க்கும் லாமா மந்தையை மேய்ப்பவள், வாயாடி. கல்யாணத்துக்கு முன்பே தங்கை நிக்கனோராவுக்குக் குறைப்பிரசவம் ஆனபோது, சிசுவைத் தன் சால்வையில் சுற்றி வேலியோரம் புதைத்தவள் அவள்தான். எனக்குக்கூடச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரி எனக்கு!

அந்த வருஷம் கல்மழை வயலை நொறுக்கியது. கோயில் வாசலில் பெண்களை நிறுத்தி ஊர்த்தலைவர் கத்தினார்: "எவடி அவ? வாயத் தொறங்க!"

பசிலியா தங்கை பக்கம் திரும்பவே இல்லை. நிக்கனோராதான் முன்னால் வந்தாள்.

"எங்கக்கா பொதைச்ச எடம் எனக்குத் தெரியும்."

தோண்டினார்கள். பசிலியாவின் சால்வை வந்தது. சிசுவும் அவளுடையதுதான் என்று ஊர் முடிவுகட்டியது; வாயாடி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஊரைவிட்டுத் துரத்தியபோது தங்கையிடம் மட்டும், "குளிருது, உன் சால்வையத் தாடி" என்றாள். அவள் தரவில்லை.

மறுவருஷமும் பூவின்மேல் கல் விழுந்தது. மறுபடி எங்களை நிறுத்தினார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே நிக்கனோரா, "எங்கக்காதான்!" என்று அலறினாள்.

"அவளத்தான் போன வருஷமே தொரத்திட்டோமேடி" என்றேன்.

ஊரே அவளைத் திரும்பிப் பார்த்தது.