பரமேஸ் அக்கா தீவில் விட்டுவந்த தம்பி

பரமேஸ் அக்கா இறந்த செய்தி எனக்கு வேலையிடத்தில் கிடைத்தது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் உள்ள இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை செய்கிறேன். அவர் தாதியாக வேலை செய்த வார்டின் தலைமைத் தாதி அன்று காலை தானே படியிறங்கி வந்தார். எதையும் தொலைபேசியிலேயே சொல்லி முடிக்கிற பெண் அவர். வாசலில் நின்று என்னைப் பார்த்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒருநாளும் வேலைக்குப் பிந்தாதவர் வரவில்லை என்றதும் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். கட்டடப் பொறுப்பாளர் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தபோது, குளிர்கோட்டைப் போட்டுப் பொத்தான்களையும் பூட்டிக்கொண்டு கதிரையில் இருந்தபடியே போயிருந்தாராம். மாரடைப்பு என்றார்கள்.

ரொறன்ரோவில் இலங்கைத் தமிழர் நாம் இன்னும் ஒரு மண்டபத்தை நிரப்புகிற அளவுக்குக்கூட இல்லை. ஆகையால் அவரைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. அவருடைய வாயும் எல்லோருக்கும் தெரியும். நான் வந்த முதல் பனிக்காலத்தில் ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலையில் தனியாக இருந்து அழுதுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு தாதி சூப் கோப்பை ஒன்றை என் முன்னால் தள்ளிவிட்டு எதிரே அமர்ந்தார். “தங்கச்சி, அழுகிறதெண்டால் சாப்பிட்டிட்டு அழு. வெறும் வயித்திலை அழுதால் தலைதான் இடிக்கும்.” அந்தச் சனிக்கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பனிச்சப்பாத்து வாங்க வைத்தார். என்ன துக்கம் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அவரைப் பற்றி நம்மிடையே ஒரு குறை பேசப்பட்டது. செத்த வீட்டிலும் என் காதுபட ஒருவர் சொன்னார். “கிரேக்கம் வரைக்கும் போய், தம்பியின்ரை எலும்பை கிறிஸ்தவ வேதக்காரரின்ரை சுடலையிலை விட்டிட்டு வந்த மனுசி.” அவரோடு அங்கே போனவள் நான் ஒருத்திதான். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

பரமேஸ் அக்கா யாழ்ப்பாணக் கடலில் உள்ள நெடுந்தீவில் பிறந்தவர். அவருடைய ஒரே தம்பி குணம், நம் பெடியன்கள் பலரையும் போலக் கிரேக்கச் சரக்குக் கப்பலொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். நடுக்கடலில் காய்ச்சல் கண்டு இறந்தான். கப்பல்காரர் அருகிலிருந்த சிறிய தீவொன்றில் அவனைப் புதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்த தந்தியில் அந்தத் தீவின் பெயர் மட்டும் இருந்தது. சில வருடங்கள் கழித்து, பரமேஸ் அக்கா விடுமுறையைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “அம்மாவுக்கு ஒரு பிடி மண்ணாவது கொண்டுபோய்க் குடுக்கோணும். கீரிமலைக் கடலிலை கரைக்கட்டும். நீ என்னோடை வாறியே?”

ஏதென்ஸுக்குப் பக்கத்தில், பிரேயஸ் துறைமுகத்தில் பெரிய பயணிகள் கப்பலில் ஏறினோம். தக்காளிப் பெட்டிகள், கால் கட்டிய ஆடுகள், கறுப்பு அங்கிப் பாதிரியார்கள், தோளில் மூட்டை சுமந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் என்று மேல்தளம் நிறைந்திருந்தது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்கள். நீலம் என்றால் அப்படியொரு நீலம். பரமேஸ் அக்கா வெள்ளைத் துணியும் கற்பூரமும் இருந்த பையை மடியில் அணைத்தபடி வாங்குப் பலகையில் இருந்தார். “இந்தத் தண்ணியைப் பாக்க உலகமே வருகுது. எனக்கு வயித்தைப் பிரட்டுது,” என்றார். நெடுந்தீவு லோஞ்சுப் படகில் வளர்ந்தவருக்குக் கடல் பிரட்டாது.

சீரோஸ் என்ற தீவில் இறங்கிச் சிறிய கப்பலுக்கு மாற வேண்டும். வடக்கே இருந்து காற்று எழும்பி, சிறிய கப்பல்கள் எல்லாம் நின்றுவிட்டன. விடுதியில் காத்திருக்கலாம் என்றேன். கேட்கவில்லை. காலையிலேயே இறங்குதுறைக்குப் போய்ப் பையோடு கல்லில் அமர்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால், “நாங்கள் இல்லாத நேரம் கப்பல் வெளிக்கிட்டுதெண்டால்?” என்பார். சாப்பிட்டுவிட்டு அழச் சொன்னவர் அந்த நாட்களில் சாப்பிடவும் இல்லை, அழவும் இல்லை. காற்று அடங்கிப் புறப்பட்டபோதும் கடல் கொந்தளிப்பாகவே இருந்தது. அந்தப் பக்கத்துப் பெண்ணொருத்தி வாந்தியெடுத்தாள். பரமேஸ் அக்கா எழுந்துபோய் அவளுடைய நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். வழியில் அவர் முகம் தெளிந்திருந்தது அப்போது மட்டும்தான்.

தந்தியில் இருந்த அந்தத் தீவின் இறங்குதுறையில் கோப்பிக்கடை வைத்திருந்தவர் முன்னொரு காலம் ரொறன்ரோவில், டான்ஃபோர்த் தெருவில், உணவகத்தில் வேலை செய்தவர். ஆங்கிலம் பேசினார். அவரே எங்களை மேட்டிலிருந்த இடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். குணத்தைப் புதைத்த இடத்தில் வேறொரு கிழவரின் படம் பதித்த கல் நின்றது. பரமேஸ் அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தீவில் மண் குறைவு, சில வருடங்களில் குழியைத் திறந்து எலும்பை எடுத்துக் கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்தவரைப் புதைப்பார்கள் என்று கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் மரியா என்ற வயதான பெண் ஒரு சின்ன அறையைத் திறந்துவிட்டாள். தட்டுகளில் தகரப் பெட்டிகள். ஒன்றில் மட்டும் பெயர் இல்லை, ‘அந்நியன்’ என்று எழுதியிருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். பரமேஸ் அக்கா பெட்டியைத் திறந்து, தாதி காயத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். கை எலும்பொன்றை எடுத்தார். முறிந்து பொருந்திய தடிப்பு நடுவில் இருந்தது.

“இது அவன்தான். சைக்கிள் பாரிலை அவனை ஏத்திக்கொண்டு போய் விழுத்தினனான் நான்தான்,” என்றார். பிறகு கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் உறுதியாகச் சொன்னார். “இவனை நான் கொண்டு போகிறேன். எங்கள் வழக்கப்படி எரித்துக் கடலில் கரைக்க வேண்டும்.”

கடைக்காரர் அதைச் சொன்னதும் மரியா பெட்டியின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். அவள் பேசியதை அவர் எங்களுக்குச் சொன்னார். அவளுடைய புருஷனும் மகனும் ஒரே படகில் போனவர்கள். படகின் பலகை ஒன்றுகூடக் கரைக்கு வரவில்லை. இந்தப் பையனுக்கு ஆள் இல்லை என்றதும், எலும்பைப் பொதுக்குழியில் போட விடாமல் தானே வைனில் கழுவி எடுத்து, விளக்கும் ஏற்றி வருகிறாள். “என் பிள்ளையைக் கடல் திருப்பித் தரவில்லை. இவன் கடலிலிருந்து கரைக்கு வந்தவன். நீ இவனைத் திரும்பவும் கடலிலா போடப் போகிறாய்?”

பரமேஸ் அக்கா வாசற்படியில் போய் அமர்ந்தார். வற்புறுத்தியிருந்தால் எடுத்திருக்கலாம், இரத்த உரித்துடையவர் அவர்தான். மாலைக் கப்பல் தூரத்தில் தெரிந்தபோது எழுந்து வந்தார். பையிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து எலும்புகளைச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினார். ‘அந்நியன்’ என்ற சொல்லின் கீழே குணரத்தினம் என்று அவனுடைய முழுப்பெயரைத் தமிழில் எழுதினார். பெட்டியை மரியாவின் கையில் கொடுத்தார். மண்ணும் எடுக்கவில்லை. அந்தக் குழியின் மண் இப்போது வேறொருவருடையது என்றார்.

அடுத்த ஆண்டு ஊருக்குப் போய்த் தாயிடம் நேரில் சொன்னார். “ஒரு பிடி மண்கூட இல்லையோ?” என்று மட்டும் கேட்ட தாய், சாகும்வரை அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. நம்மவர்கள் பேசியதும் அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஒருமுறை மட்டும், பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது என்னிடம், “நான் செய்தது சரியோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை. அந்த மனுசியின்ரை கையிலை இருந்து பறிக்க எனக்கு ஏலாமல் போட்டுது, அவ்வளவுதான்,” என்றார்.

சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அவரைக் குறை சொன்னவர்கள் அந்த அறை வாசலில் நின்றிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு காட்சி. கப்பல் அந்தத் தீவை விட்டு விலகியபோது எல்லோரும் பின்தளத்துக்குப் போய்க் கையசைத்தார்கள். மரியாவும் கரையில் நின்றாள். பரமேஸ் அக்கா தீவுக்கு முதுகைக் காட்டி, கப்பலின் இரும்புச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். வாங்கின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார்.

“ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ அக்கா,” என்றேன்.

“பாத்தால் குதிச்சுப் போடுவன், பிள்ளை,” என்றார்.