ரெஜினா அக்கா விட்டுவைத்த பாதி

"ரெஜினா அக்கா செத்துப் பூட்டாங்களாம். கோயில்ல சொன்னாங்க."

சமையலறை வாசலில் நின்று என் வீட்டுக்காரர் சொன்னார். என் தம்பி கல்யாணத்தில் தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கோபித்து, ஊர் திரும்பியதிலிருந்து என்னிடம் பேசாமல் இருந்தவர். காய்கறிக்கும் சோப்புக்கும் கணக்கு எழுதுகிற நான், யார் முதலில் பேசவேண்டும் என்பதற்கும் கணக்கு வைத்திருந்தேன். அன்று அது எதுவும் நினைவில் இல்லை.

முதலியார்பேட்டையில் எங்கள் பங்குக்கோயில் ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் எல்லாருக்கும் அக்காவைத் தெரியும். மில் மூடியபின் அவர் கணவர் சவரிமுத்து அண்ணன் ஜெபத்தை விட்டுவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். ஜெபமாலையில் முதல் பாதியை ஒருவர் சொன்னால், மறு பாதியை மற்றவர் சொல்லவேண்டும். அக்கா தன் பாதியைச் சொல்வார். அண்ணன் மறு பாதியைச் சொல்ல ஆகும் நேரம் வரை காத்திருப்பார். பிறகு அடுத்த மணி.

பக்கத்து வீட்டு ஃபிலோ கேலி செய்வாள். "மாதாவையே காக்க வெக்கிறியே அக்கா. மீதியையும் நீயே சொல்லிட்டு எழுந்திரேன்."

"அது அவரோடதுடி. நா எடுத்துக்கினா அவருக்கு எங்க எடம்?"

அக்கா பயந்தவர் என்று நினைக்கவேண்டாம். ஒருநாள் அண்ணன் சோற்றுத் தட்டை வீசினார். அக்கா குரலை உயர்த்தாமல், "இந்த வேலயெல்லாம் வாணாங்க. பசிச்சா சொல்லுங்க, போடறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டில் சாப்பிட்டார். சிந்தியதை அண்ணனேதான் பிறகு கூட்டி அள்ளினார்.

ஒரு வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் சில மாலைகள் நானும் அக்காவோடு முழந்தாளிட்டேன். பதில் சொல்லாமலிருக்க எனக்கும் பழகிவிட்டது. ஒரு மாலை அக்கா நிறுத்தியதும், பின்னால் கட்டிலிலிருந்து கரகரத்த குரலில் மறு பாதி வந்தது. திரும்பப்போன என் கையை அக்கா அழுத்திப் பிடித்துக்கொண்டார். கடைசி மணிவரை அண்ணன் பதில் சொன்னார். முடிந்ததும் அக்கா எழுந்து, எதுவும் நடக்காததுபோல் அவருக்குக் கஞ்சி ஊற்றப் போனார்.

"ஏங்க்கா திரும்பியே பாக்கல?" என்று மறுநாள் கேட்டேன்.

"பாத்திருந்தா அவருக்கு வெக்கமா பூட்டிருக்கும். நா ஜெயிச்சா மாதிரி ஆயிடும்டி."

பிரசங்கங்களில் கனிவு என்ற சொல்லைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதைக் கண்ணால் கண்டது அன்றுதான். இன்னும் எத்தனையோ கேட்கவேண்டியிருந்தது அக்காவிடம். கோபம் அடங்காதபோது குரலை எப்படி அடக்குவது என்று கேட்கவேண்டியிருந்தது. மாலை மணி அடிக்கும்போது கால் இன்னும் அந்த வீட்டுப் பக்கமே திரும்புகிறது.

திரும்பிப் பார்க்காத அந்தக் கழுத்தைத்தான் நான் அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடக்கம் முடிந்து வந்த இரவு, சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். "உன் தம்பி ஃபோன் பண்ணானா?"

சுருக்கென்று ஒரு பதில் நாக்குவரை வந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் ரசத்தை ஊற்றினேன்.

"பண்ணான். உங்களத்தான் கேட்டான்."