நூற்றுப்பன்னிரண்டாம் மைல் கட்டை

வெர்லின் ஸ்டட்ஸ் முப்பத்தொரு வருடம் தண்டவாளம் பார்த்தவர். மேற்கு வர்ஜீனியா மலைகளுக்குள் நிலக்கரி ரயில் ஓடும் நாற்பது மைலில் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் மரக்கட்டைகளில் அவர் கால் படாதது கிடையாது. ரயில் சக்கரம் மாட்டிய பிக்கப் வண்டியில் வாரம் இரண்டு தடவை ஊர்ந்து போவார். சந்தேகம் வந்த இடத்தில் இறங்கி, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அளவுகோலை வைப்பார். இடைவெளி கூடியிருந்தால் அன்றைய தேதியையும் தன் பெயரின் முதல் எழுத்துகளையும் கட்டையில் மஞ்சள் பெயிண்டால் எழுதிவிட்டு வருவார். எழுதச் சொல்லிச் சட்டம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்து ஆட்களின் வழக்கம், அவ்வளவுதான்.

அரசாங்கமும் பார்க்காமல் இல்லை. பாதி மாநிலத்துக்கும் சேர்த்து ஓர் அதிகாரி இருந்தார். அவர் வருகிற சேதி ஒரு வாரம் முன்பே வந்துவிடும். வந்தவர் கம்பெனி வண்டியில் ஏறி, சூப்பர்வைசர் நிறுத்திய இடத்தில் இறங்கி, சூப்பர்வைசர் காட்டியதைப் பார்த்துவிட்டுப் போவார். திருடனே டார்ச் அடித்து வீட்டைச் சுற்றிக் காட்டினால் என்ன தெரியும்? மீதியெல்லாம் வெர்லின் போன்றவர்கள் கம்ப்யூட்டரில் பதிகிற எண்கள்தான். எண் சரியென்றால் தண்டவாளமும் சரி.

பாதை தொடங்கும் ஊரிலிருந்து எண்ணி நூற்றுப்பன்னிரண்டாம் மைலில், ஆற்றோர வளைவில், கட்டைகள் உளுத்துப்போயிருந்தன. மார்ச் மூன்றாம் தேதி வெர்லின் அளந்தார். வரம்பைவிட அரை அங்குலம் அதிகம். அதைப் பதிந்தால் கட்டை மாற்றும்வரை ரயில்கள் பத்து மைல் வேகத்தில்தான் உருள வேண்டும். விஷயம் தெரிந்ததும் சூப்பர்வைசர் பிரெண்ட் ஹாலண்டர் வந்து நின்றான். முப்பத்துநாலு வயது, பூட்ஸில் ஜல்லித் தூசி படாதவன்.

"ரெண்டு வாரத்துல புதுக்கட்டை வருது பெரியவரே. அதுவரைக்கும் அந்த அரை அங்குலத்தக் கொறச்சுப் போடுங்க."

வராவிட்டால் என்ன செய்வது என்று வெர்லின் கேட்டார். ஓய்வுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று அவன் திருப்பிக் கேட்டான். பதினான்கு மாதம். வெர்லினுக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் குறைத்துப் போட்டார். கட்டையில் மட்டும் வழக்கம்போலத் தேதியை எழுதினார். மனசாட்சிக்குக் கொடுத்த லஞ்சம் அது. புதுக்கட்டை வரவில்லை. மார்ச் இருபத்துநாலு, ஏப்ரல் பதினாலு என்று அதே கட்டையில் இன்னும் இரண்டு தேதிகள் ஏறின.

மே மாதம் ஒரு காலைப்பொழுதில் எஞ்சினும் ஒன்பது வேகன்களும் அந்த வளைவில் தடம் புரண்டு ஆற்றுக்குள் போயின. எஞ்சினை ஓட்டியவர் கிளீட் ஆம்பர்ஜி, வெர்லினின் தங்கை ஒடெஸாவின் புருஷன். பிணத்தை எடுக்க மாலை ஆகிவிட்டது.

அதிகாரி மூன்றாம் நாள் வந்தார். அதற்குள் பழைய கட்டைகளைப் பெயர்த்தெடுத்து, புதுசு போட்டு, ரயில் விட்டாயிற்று. இரண்டு மாதமாக வராத கட்டை இரண்டே நாளில் வந்துவிட்டது. அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார். எண்கள் எல்லாம் வரம்புக்குள்ளேயே இருந்தன. இருபத்தைந்து மைல் வேகத்தில் போக வேண்டிய வளைவில் டிரைவர் இருபத்தேழில் போனார், அதுதான் காரணம் என்று அறிக்கை வந்தது. செத்தவன் தலையில் கட்டியாயிற்று. கடைவீதியில் ஆட்கள் ஒடெஸாவைப் பார்த்தால் பேச்சை மாற்றினார்கள்.

வெர்லினால் அதைத் தாங்க முடியவில்லை. பழைய கட்டைகளைத் தோட்டத்து வரப்புக்கென்று விற்கும் கடைகள் அங்கே உண்டு. ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். ஐந்தாவது கடையின் கொல்லையில், ஒரு முனை சிதைந்து, மூன்று மஞ்சள் தேதிகளோடும் அவர் பெயரின் முதல் எழுத்துகளோடும் அது கிடந்தது. வாங்கி பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

"இத அதிகாரிகிட்ட காட்டறேன் ஒடெஸா. கிளீட் மேல தப்பில்லன்னு எழுதியே ஆகணும். என் பென்ஷன் போனாப் போவுது."

அவள் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் வந்தது. குனிந்து, மண்ணைத் தட்டிவிட்டு, தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசித் தேதியில் அவள் விரல் நின்றுவிட்டது.

"ஏப்ரல் பதினாலு. ஈஸ்டர் விருந்து இருபதாம் தேதிண்ணே."

வெர்லினின் பார்வை வாசல் வழியே தெரிந்த சாப்பாட்டு மேசைக்குப் போனது.

"அந்த மேசையிலதான் உக்காந்திருந்தீங்க ரெண்டு பேரும். 'அந்த வளைவுல எஞ்சின் ஆடுதே மச்சான், பயப்படணுமா?'ன்னு அவரு கேட்டாரு. பயப்படாதன்னு சொல்லிட்டு நீ கிரேவி கேட்ட. நான்தான் ஊத்தினேன்."

அவள் கத்தவில்லை. கட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். அதிகாரியைத் தானே கூப்பிட்டுக்கொள்வதாகவும் சொன்னாள்.

அடுத்த வருடம் திருத்திய அறிக்கை வந்தது. டிரைவர் மேல் குற்றம் இல்லை. தண்டவாள ஆய்வாளர் தெரிந்தே பொய் எண் பதிந்தார். பிரெண்ட் ஹாலண்டரின் பெயர் அதில் எங்கும் இல்லை. வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? அவனுக்கு இப்போது இரண்டு மலைப்பகுதிகளின் பொறுப்பு.

அதிகாரி படம் எடுத்துக்கொண்டு கட்டையை அங்கேயே விட்டுப் போனார். ஒடெஸா அதை வாசல் பூச்செடிகளுக்கு வரப்பாகப் போட்டிருக்கிறாள், பெயிண்ட் எழுதிய பக்கம் தெருவைப் பார்க்கும்படி. மழையில் மங்கினால் அவளே மஞ்சள் பெயிண்டை மறுபடி பூசுகிறாள்.